நீல எல்இடி காட்டினால் ஹைட்ரஜன் கூடுமா?

கோத்தகிரிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆன்லைனில் வாங்கிய ஹைட்ரஜன் கிட் ஒன்று அவரிடம் இருக்கிறது: இரண்டு எவர்சில்வர் தகடு, காஸ்டிக் கலந்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி. கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் நீல எல்இடி பட்டையை ஒட்டினால் குமிழ் இரட்டிப்பாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, தானும் ஒட்டிப் பார்த்தார். குமிழ் கூடியது போலத்தான் தெரிந்ததாம். இது நிஜமா, கேஸ் சிலிண்டர் செலவை இதை வைத்துக் குறைக்கலாமா, பாதி வருஷம் மூடுபனி அடிக்கும் ஊரில் வெயிலை நம்பலாமா என்பது கேள்வி. போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: மூன்றாம் நாள் தண்ணீர் டீத்தண்ணி மாதிரி மஞ்சளாகிவிட்டது. எனக்கு அந்த வரிதான் கவலை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: நான் காசு கொடுக்கும் அதே கரண்டுக்கு, வெளிச்சம் இலவசமாக எதையாவது கூட்டித் தருமா? தரும். ஆனால் உங்கள் பாத்திரத்தில் தராது. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் மின்வேதியியல் படித்தவன். சமவெளியில் ஒரு காஸ்டிக் சோடா ஆலையின் செல் ஹவுஸில் (கரண்ட் விட்டு உப்புக் கரைசலைப் பிரிக்கும் தொட்டிகள் உள்ள கூடம்) பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஊட்டியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தேன். இப்போது கேத்தியில் வீட்டோடு இருக்கிறேன். கார உப்புத் தண்ணீரும் நிக்கல் தகடும் எனக்குக் கைப்பழக்கம். வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் தகடுகளான ஒளிமின்வாய்களைப் பொறுத்தவரை, மாணவர்களோடு சேர்ந்து சிறிதாகச் செய்து பார்த்த அளவுக்குத்தான் என் கை அனுபவம். மீதி படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. 1830களில் ஃபாரடே கண்டு சொன்ன கணக்கு இன்று வரை மாறவில்லை. ஒரு ஜோடித் தகடு வழியாக 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.0376 கிராம் ஹைட்ரஜன் வரும். வெளிச்சம் காட்டினாலும், காந்தம் வைத்தாலும், மந்திரம் சொன்னாலும் ஒரு ஆம்பியருக்கு உரியது அவ்வளவுதான். ஆக, மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது என்றால் அது வோல்ட்டில்தான் இருக்கிறது. அறை வெப்பநிலையில் தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். வெளியிலிருந்து வெப்பம் எதுவும் வாங்காமல் ஓட வேண்டுமானால் 1.48. நடைமுறையில் நல்ல எலக்ட்ரோலைசர்கூட (கரண்ட் விட்டுத் தண்ணீரைப் பிரிக்கும் கருவி) 1.8, 2 வோல்ட் கேட்கும். அந்த உபரியில் பெரும் பங்கு ஆக்சிஜன் வரும் பக்கம்தான் போகிறது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க நான்கு எலக்ட்ரான் கைமாற வேண்டும், ஒவ்வொரு கைமாற்றுக்கும் தரகு உண்டு. கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்க எளிய கணக்கு: வோல்ட்டை 26.6-ஆல் பெருக்குங்கள், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட் என்று வரும். 2 வோல்ட் என்றால் 53 யூனிட். வெளிச்சம் 0.1 வோல்ட்டைக் குறைத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இரண்டரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். பெரிய ஆலைக்கு இது நல்ல காசு.

வெளிச்சம் எப்படி வோல்ட்டைக் குறைக்கும்? மின்வாய், அதாவது கரைசலில் நிற்கும் தகடு, உலோகமாக இல்லாமல் சோலார் செல்லின் சிலிக்கான் போன்ற குறைக்கடத்தியாக இருந்தால், போதிய ஆற்றல் உள்ள ஒளித்துகள் அதில் விழும்போது ஒரு எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். எலக்ட்ரான் ஒரு பக்கம் போக, அது விட்டுப்போன துளை மறுபக்கம் தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். அதாவது மின்வாயே ஒரு குட்டி சோலார் செல்லாகி, பேட்டரி தர வேண்டிய வோல்ட்டில் ஒரு பங்கைத் தானே போடுகிறது. பஸ் ஏறுகிறவரைப் பின்னாலிருந்து ஒருவர் தாங்கிவிடுவது போல. ஆனால் எல்லாக் குறைக்கடத்தியும் எல்லா வெளிச்சத்தையும் ஏற்காது. டோக்கியோவில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் உலகத்துக்குக் காட்டிய டைட்டானியம் டை ஆக்சைடு, நம் சுவர் பெயிண்டை வெள்ளையாக்கும் அதே பொருள், புற ஊதாவுக்குத்தான் மசியும். வெயிலில் அந்தப் பங்கு நூற்றுக்கு நான்கைந்துதான். உங்கள் நீல எல்இடியின் 450 நானோமீட்டர் ஒளியை அது சீண்டக்கூட செய்யாது. எவர்சில்வர் தகடோ உலோகம். வெளிச்சத்தை வாங்கிச் சூடாகும், அத்தோடு சரி.

அப்படியானால் குமிழ் கூடியது பொய்யா? நீங்கள் பார்த்தது பொய் இல்லை. அதற்கு வேறு காரணங்கள். ஓட்டுச் சந்தில் நுழையும் வெயிலில்தான் வீட்டுக்குள் அவ்வளவு தூசி இருப்பதே கண்ணுக்குத் தெரியும், இல்லையா? பக்கவாட்டில் நீல வெளிச்சம் விழுந்தால் அதுவரை தெரியாமல் இருந்த பொடிக் குமிழெல்லாம் மினுங்கும். குமிழ் கூடவில்லை, கண்ணுக்குத் தெரிவது கூடியிருக்கிறது. இரண்டாவது, சூடு. காலையில் கோத்தகிரியில் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரக் கரைசல் ஒரு டிகிரி ஏறினால் அதன் கடத்துதிறன் ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடும். எல்இடி பட்டையும் வேலை செய்யும் தகடும் சேர்ந்து தண்ணீரைப் பத்து டிகிரி ஏற்றினாலே ஆம்ப்மீட்டர் முள் நன்றாக நகரும். செல் ஹவுஸில் கரைசலை எண்பது, தொண்ணூறு டிகிரியில் வைத்து ஓட்டுவது சும்மா இல்லை.

மூன்றாவது காரணம் மலைக்காரர்களுக்கே உரியது. இதில் என் மாணவர்கள் வருஷா வருஷம் விழுவார்கள். தலைகீழாகக் கவிழ்த்த அளவுக் குழாயில் வாயுவைப் பிடித்து அளந்தால், 1 ஆம்பியர் மணிக்குப் பாடப்புத்தகம் 418 மில்லி என்று சொல்லும். ஊட்டியில் அளந்தால் 590 மில்லி கிட்ட நிற்கும். பையன்கள் துள்ளிக் குதிப்பார்கள்: "சார், நூற்றுக்கு நாற்பது கூட வந்திருக்கு!" ஒன்றும் கூடவில்லை. புத்தகக் கணக்கு பூஜ்யம் டிகிரிக்கும் கடல் மட்டத்துக்கும் போட்டது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். அழுத்தம் குறைந்தால் அதே வாயு அதிக இடம் பிடிக்கும், அதோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். ஊட்டிக்கு வரும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்கிறதே, அதே விஷயம். கோத்தகிரி கொஞ்சம் தாழ்வு, அதனால் உங்களுக்குக் கொஞ்சம் குறையும்.

வெளிச்சத்தால்தானா என்று நேர்மையாகச் சோதிக்க வேண்டுமானால், பாத்திரத்தை ஒரு பெரிய அண்டாத் தண்ணீருக்குள் வைத்து வெப்பநிலையை நிலையாகப் பிடியுங்கள். வோல்ட்டையும் நிலையாக வையுங்கள். பிறகு விளக்கை முப்பது விநாடிக்கு ஒருமுறை அட்டையால் மறைத்து மறைத்து எடுங்கள். ஒளியால் வரும் மின்னோட்டம் அட்டை நகர்ந்த அதே நொடியில் ஏறும், இறங்கும். சூட்டால் வருவது சோம்பேறித்தனமாக நிமிஷக்கணக்கில் ஊர்ந்து வரும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதி வீடியோக்களைக் கழித்துக் கட்டிவிடலாம்.

நிஜமான ஒளி விளைவு எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. கடத்தும் கண்ணாடித் துண்டின் மேல் ஃபெரிக் குளோரைடுக் கரைசலிலிருந்து இரும்பு ஆக்சைடைப் படியவைத்து, ஃபர்னஸில் 550 டிகிரிக்குச் சுட்டெடுப்போம். வெளியே எடுத்தால் துருச் சிவப்பில், செம்மண் பூசிய ஸ்டாம்பு போல இருக்கும். துரு என்று நாம் திட்டும் அதே குடும்பத்துப் பொருள்தான், நீலமும் பச்சையும் அதற்கு இரை. சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் தொங்கவிட்டு, வெளியிலிருந்து கொஞ்சம் வோல்ட்டும் கொடுத்து ஜன்னலோரம் வெயிலில் வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 0.3 மில்லி ஆம்பியர் ஓடும். கையை நடுவே நீட்டினால் முள் விழும், எடுத்தால் எழும். ஒரு ஜூலை மதியம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டபெட்டா பக்கமிருந்து மூடுபனி இறங்கி ஜன்னலை மூடியது. முள் மெல்ல மெல்லக் கீழே வந்தது, ஆனால் பூஜ்யத்துக்கு வரவில்லை. பனிக்குள்ளும் சிதறிய வெளிச்சம் இருக்கிறது என்று அது காட்டிக்கொண்டே நின்றது. அன்று முழுக்க ஒரு குமிழ்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 0.3 மில்லி ஆம்பியருக்கு அவ்வளவுதான் வரும்.

உலக அளவில் இது எங்கே நிற்கிறது? 1998-ல் அமெரிக்காவில் டர்னர் குழு, விலையுயர்ந்த காலியம் சேர்மங்களை அடுக்கித் தண்ணீரில் அமிழ்த்தி, விழும் ஒளியில் 12.4 சதவீதத்தை ஹைட்ரஜனாக்கிக் காட்டியது. திறனில் குறை சொல்ல முடியாது. தண்ணீருக்குள் அந்த அடுக்கு அரித்துப்போவதுதான் தொல்லை, அந்தத் தொல்லை இன்னும் முழுசாகத் தீரவில்லை. 2016-ல் ஸ்டான்ஃபோர்டில் 30 சதவீதம் தொட்டார்கள். அதைக் கவனித்துப் படிக்க வேண்டும்: அங்கே சோலார் செல் தண்ணீருக்குள் இல்லை. வெயிலை 42 மடங்கு குவித்து உயர்ரக செல்லில் விழவைத்து, அதிலிருந்து வயர் இழுத்துத் தனியாக இருக்கும் இரண்டு எலக்ட்ரோலைசருக்குக் கொடுத்தார்கள். ஓடியது 48 மணி நேரம். மறுகோடியில் ஜப்பானில் டோமென் குழு 2021-ல் வெளியிட்டது. மின்சாரமே இல்லாமல், வினையூக்கித் தூளைத் தகட்டில் பூசி, 100 சதுர மீட்டர் பரப்பில் வெட்டவெளியில் ஓட்டினார்கள். விலை மலிவான வழி, நீடித்தும் ஓடியது. உச்சபட்சத் திறன் 0.76 சதவீதம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நல்ல உச்சி வெயிலில் அந்த 100 சதுர மீட்டர் மணிக்கு 23 கிராம் ஹைட்ரஜன் தரும். அதே இடத்தில் சாதாரண சிலிக்கான் பேனலை நிறுத்தி, ஒரு நடுத்தர எலக்ட்ரோலைசரோடு இணைத்தால் மணிக்கு 370 கிராம் கிட்ட வரும்.

இதெல்லாம் வெளிச்சம் ஆற்றலைக் கொடுக்கும் வழி. வெளிச்சம் ஆற்றல் கொடுக்காமல் வினையூக்கியைத் தட்டி எழுப்பும் வழி ஒன்றும் இருக்கிறது, உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது அதுதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் எந்நேரமும் எரியும் கூரை விளக்குகள் 2019-ல் ஒரு நாள் மின் தடையால் அணைந்துபோயின. நிக்கல் ஆக்சி ஹைட்ராக்சைடு மின்வாயில் நடந்துகொண்டிருந்த மின்னாற்பகுப்பு மட்டும் இருட்டில் தொடர்ந்து ஓடியது. மறுநாள் வந்து பார்த்தால் அதன் செயல்திறன் சரிந்து கிடந்தது. கரண்ட் போனதால் ஒரு கண்டுபிடிப்பு! நம்மூரில் இந்தக் கணக்குப்படி எத்தனையோ கண்டுபிடித்திருக்க வேண்டும். அதைத் துருவிப்போய், ஒளி படும்போது நிக்கலைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களின் அமைப்பு மாறி மாறி வருகிறது, அதனால் ஆக்சிஜன் பிறக்கும் பாதையே இலகுவாகிறது என்று 2022-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆய்வக அளவில் விளைவு நிஜம் என்று நான் ஏற்கிறேன். ஆலைக்கு வருமா என்பதில் எனக்குச் சந்தேகம். செல் ஹவுஸில் வேலை பார்த்தவன் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான்: ஆலை எலக்ட்ரோலைசர் என்பது நூற்றுக்கணக்கான தகடுகளைச் சீட்டுக்கட்டு போல நெருக்கி, இரண்டு பக்கமும் கனத்த இரும்பு வைத்துப் போல்ட் போட்டு இறுக்கிய கட்டு. உள்ளே கும்மிருட்டு. வெளிச்சம் நுழைய ஜன்னல் வைத்தால் தகட்டு இடைவெளி கூடும், இடைவெளி கூடினால் கரைசலின் தடை கூடும், ஒளி மிச்சம் பிடித்ததைத் தடை தின்றுவிடும். இதற்கு யாராவது வடிவம் கண்டுபிடிக்கலாம். அது வரைக்கும் அந்த நிக்கல் கதையைக் காட்டி யாராவது உங்களிடம் விளக்கு வைத்த கிட் விற்க வந்தால் வாங்காதீர்கள். எல்இடிக்கும் கரண்ட் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். அதில் சுமார் பாதிதான் வெளிச்சமாக வருகிறது, மீதி சூடு.

இனி நம் மலைக்கு வருவோம். பேனலுக்கு இந்த ஊர் நல்ல ஊர், எலக்ட்ரோலைசருக்குச் சுமாரான ஊர். சிலிக்கான் பேனல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.3, 0.4 சதவீதம் இழக்கும். மே மாதம் திருச்சியில் மொட்டை மாடிப் பேனல் அறுபதைத் தாண்டிக் கொதிக்கும்போது இங்கே நாற்பதில் நிற்கும். அந்த ஒன்றிலேயே ஏழெட்டு சதவீதம் லாபம், அதுவும் வெயில் அடிக்கிற நேரத்தில். எலக்ட்ரோலைசருக்கோ சூடுதான் பிடிக்கும், குளிர்ந்து கிடந்தால் வோல்ட் அதிகம் கேட்கும். ஆகவே வெளிச்சத்தையும் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வெளியே குளிரில் வைப்பது இங்கே இரட்டை நஷ்டம். பேனல் கூரையில் காற்றாட இருக்கட்டும், எலக்ட்ரோலைசர் உள்ளே கதகதப்பாக இருக்கட்டும், நடுவே இரண்டு வயர். மூடுபனியைப் பொறுத்தவரை மலையின் இரண்டு பக்கத்துக்கும் சீசன் வேறு. அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் ஜூன் முதல் அடித்து ஊற்றும். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரண்டு பக்கமும் வானம் கண்ணாடி.

சிலிண்டர் கணக்கு உங்களுக்கு ஏமாற்றம் தரும். 14.2 கிலோ சமையல் கேஸில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட். அதற்கு ஈடாக ஐந்தரை கிலோ ஹைட்ரஜன் வேண்டும். நல்ல எலக்ட்ரோலைசர் இருந்தாலே 290 யூனிட் மின்சாரம் போகும். அதே சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்தால் 130 யூனிட்டில் முடிந்துவிடும். கரண்ட்டை வாயுவாக்கி, வாயுவைத் திரும்பச் சூடாக்குவது மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. ஹைட்ரஜனுக்கு உரிய இடங்கள் உரத் தொழிற்சாலை, எஃகு ஆலை போன்றவை. ஹோம்ஸ்டே சமையலறை அதில் சேராது.

உங்கள் கிட்டில் வெளிச்சத்தைவிடப் பெரிய ஓட்டை வேறு இருக்கிறது. இரண்டே தகட்டுக்கு நடுவே 12 வோல்ட்டையும் கொடுக்கிறீர்கள். தண்ணீர் கேட்பது இரண்டு, மீதிப் பத்தும் கரைசலைச் சூடாக்கத்தான் போகிறது. மேலே சொன்ன பெருக்கலைப் போட்டால் கிலோவுக்கு 319 யூனிட். இரண்டு தகட்டுக்கும் நடுவே, வயர் எதுவும் இணைக்காமல், ஐந்து தகடுகளைச் சம இடைவெளியில் செருகி, விளிம்பைச் சுற்றிக் கரைசல் குறுக்கே ஓடாமல் அடைத்தால், ஒவ்வொரு இடைவெளிக்கும் 2 வோல்ட்டாகப் பிரிந்துவிடும். அதே பேட்டரி ஆம்பியருக்கு ஆறு மடங்கு வாயு. உலகத்தில் எந்த விளக்கும் இவ்வளவு தராது.

ஆனால் இதை இப்போது செய்யாதீர்கள். இந்தக் கிட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே குழாயில் கலந்து வருகின்றன. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் தீப்பிடிக்கும், ஆக்சிஜனோடு கலந்ததோ வெடிக்கக் காத்திருப்பது. ஒருமுறை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, சோப்புத் தண்ணீரில் பிடித்த எலுமிச்சம்பழ அளவு நுரையில் குச்சி கொளுத்தி வைத்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்தார்கள், என் காது மாலை வரை ரீங்காரமிட்டது. அந்த வாயுக் கலவையை பாட்டிலில் அடைத்துச் சமையலறையில் வைப்பதை நினைத்துப் பாருங்கள். குளிருக்காக ஜன்னலையெல்லாம் சாத்தி வைக்கும் மலை வீட்டில் இன்னும் ஆபத்து.

அடுத்து அந்த மஞ்சள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. ஆக்சிஜன் வரும் பக்கத்துத் தகட்டை இவ்வளவு வோல்ட்டில் காரக் கரைசலில் ஓட்டினால் அது அரித்து, குரோமேட்டாகக் கரைசலில் இறங்கும். மஞ்சள் நிறம் அதற்கே உரியது, புற்றுநோய் வரவழைக்கும் வகைக் குரோமியம் அது. தகட்டுத் துரு என்றால் பழுப்பாக அடியில் கசடு தங்கும், தண்ணீர் தெளிந்துவிடும். தெளிவான மஞ்சளாகவே நின்றால் குரோமேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தேயிலைக்கோ கேரட் பாத்திக்கோ சாக்கடைக்கோ ஊற்றாதீர்கள். உங்கள் சரிவில் ஊற்றினால் கீழே யாரோ ஒருவரின் ஊற்றுத் தண்ணீரில் போய் நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கரைசலை மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மேலே என்னவென்று எழுதி, குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்கள். ஒரு நாள் கழித்து அடியில் கசடு தங்கியதா, மேலே என்ன நிறம் நிற்கிறது, தகட்டில் 304 அல்லது 316 என்று எவர்சில்வர் ரக எண் ஏதாவது பொறித்திருக்கிறதா என்று இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அந்தக் கேனை என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.